"கவுண்ட் எவ்வளவு?"

குழந்தைகள் புற்றுநோய் வார்டில் பெற்றோர் ஒருவரையொருவர் விசாரிப்பது இப்படித்தான். ரத்தத்தில் வெள்ளணுக்களின் எண்ணிக்கைதான் இந்த கவுண்ட். அது குறைந்திருந்தால் கீமோ தள்ளிப்போகும். அந்த நேரத்தில் காய்ச்சல் வந்தால் நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். குழந்தைகளை அதிகம் தாக்கும் ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நீளும். அத்தனை காலமும் தெர்மாமீட்டரைப் பார்த்தபடியே அந்த வீடு மூச்சுவிடுகிறது.

இதைவிடக் கொடியது குற்ற உணர்வு. கர்ப்பத்தில் சாப்பிட்ட மாத்திரையா, காய்ச்சலை இரண்டு வாரம் சாதாரணமாக நினைத்ததா என்று தாய் தன்னையே விசாரணைக் கூண்டில் ஏற்றுகிறாள். "யார் செஞ்ச பாவமோ" என்று உறவினர் ஒருவர் சொல்லிவிட்டுப் போகிறார். பெரும்பாலான குழந்தைப் புற்றுநோய்கள் பெற்றோர் செய்த எதனாலும் வருவதில்லை. பரம்பரை மரபணுக் கோளாறு காரணமாவது சுமார் 10 சதவீதம் குழந்தைகளிடம்தான். அதிலும் யார் குற்றமும் இல்லை. இதை மருத்துவர்கள் தாய், தந்தை இருவரையும் உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். ஒருமுறை போதாது, நோயின் பெயரைக் கேட்ட அன்று வேறெதுவும் காதில் ஏறாது.

சிகிச்சையின் பகுதியாக ஸ்டீராய்டு கொடுக்கும் வாரங்களைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். நடுராத்திரி இட்லி கேட்டு அழும் பிள்ளை, ஊட்டப்போன அம்மாவையே அடிக்கும். அது மருந்தின் வேலை என்று தெரியாத தாய், பிள்ளை தன்னை வெறுப்பதாக நினைத்து உடைந்துபோகிறாள். தந்தையின் பாடு வேறு. நகையை அடகு வைத்து, வேலைக்கும் வார்டுக்கும் அலையும் அவரிடம் பணம் கிடைத்ததா என்று கேட்பவர்கள் உண்டு; தூங்கினாரா என்று கேட்பவர் அபூர்வம்.

வெளியூர்க் குடும்பங்களுக்கு இலவசத் தங்குமிடம் தரும் செயின்ட் ஜூட் இந்தியா போன்ற அமைப்புகளின் அருமை இந்தத் தனிமையில்தான் புரிகிறது. ஒரே பொதுச் சமையலறையில் கஞ்சி வைக்கும் இன்னொரு தாயிடம் எதையும் விளக்க வேண்டியதில்லை.

பெற்றோரின் மனநலத்தையும் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்று 2015-இல் வெளியான சர்வதேச நெறிமுறைகள் சொல்கின்றன. நம் மருத்துவமனைகள் பலவற்றில் அதற்கு ஆள் இல்லை. சிகிச்சை முடியும் நாளில் எல்லோரும் இனிப்புக் கொடுக்கிறார்கள். பெற்றோருக்கோ, மருந்தும் நின்றுவிட்டதே என்ற புதுப் பயம் அன்றிரவே தொடங்குகிறது. ஆண்டுகள் கடந்தும் சிலருக்கு அது நீடிப்பதை ஆய்வுகள் பதிவு செய்திருக்கின்றன. மறுபரிசோதனைக்கு வரும்போது பிள்ளையின் ரத்தத்தோடு பெற்றோரின் தூக்கத்தையும் விசாரிக்க ஒரு உளவியல் ஆலோசகர் அங்கே இருக்க வேண்டும். அந்தப் பணியிடத்தை அரசு மருத்துவமனைகளிலிருந்தே தொடங்கலாம்.