ஏழு யூனிட்டுக்கு 294 ரூபாய்! மின் கட்டணம் எங்கே எகிறுகிறது?



கோட்டூர்புரத்தில் உள்ள எங்கள் வீட்டுக்குச் சென்ற கோடையில் மின் கட்டணம் 2,099 ரூபாய் வந்தது. ஈ.பி. கார்டை எடுத்துப் பார்த்தோம். இரண்டு மாதத்துக்கு 507 யூனிட். அது 500-ல் நின்றிருந்தால் 1,805 ரூபாய்தான் கட்டியிருப்போம். அதாவது கடைசி ஏழு யூனிட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 294 ரூபாய். நம்மில் பலருக்கு இந்தக் கணக்கு தெரியாது. பில் கூடிவிட்டது என்று புலம்புவதோடு விட்டுவிடுகிறோம்.

2024 ஜூலையில் அமலான கட்டணப்படி, முதல் 100 யூனிட் எல்லா வீடுகளுக்கும் இலவசம். மொத்தம் 500-க்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. ஒரு யூனிட் கூடி 501 ஆனாலும், 101 முதல் 200 வரைக்கான சலுகை போய்விடும். அந்த 100 யூனிட்டுக்கும் 4.70 வீதம் கட்ட வேண்டும். அதிலேயே 235 ரூபாய் கூடிவிடுகிறது. 500-க்கு மேல் 600 வரை யூனிட்டுக்கு 8.40 ரூபாய். அந்த வகையில் எங்கள் ஏழு யூனிட்டுக்கு 58.80. இரண்டும் சேர்ந்துதான் 294.

ஆகவே பில் வந்த பிறகு யோசித்துப் பயனில்லை. கணக்கெடுத்த நாளிலிருந்து 15 நாளுக்கு ஒரு முறை நாமே மீட்டரைப் பார்த்துக் குறித்து வைக்க வேண்டும். 500-க்குள் நிற்க, ஒரு நாளைக்குச் சுமார் எட்டு யூனிட். முப்பதாம் நாள் 250-ஐத் தாண்டியிருந்தால் அடுத்த மாதம் கவனம் தேவை. வீட்டுப் பிள்ளைகளில் ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்கிறோம்.

இனி எங்கே குறைக்கலாம் என்று பார்ப்போம்.

மின்விசிறி: பழைய விசிறி ஏறக்குறைய 75 வாட் இழுக்கும். புதிய பி.எல்.டி.சி. விசிறிக்கு 30 வாட் அளவு போதும். தினமும் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 32 யூனிட் மிச்சம். ஒரே ஒரு விசிறியை மாற்றியிருந்தால் எங்கள் 507 என்பது 475 ஆகி, பில் சுமார் 1,648 ரூபாயில் நின்றிருக்கும். விலை சற்று அதிகம்தான். அதிக நேரம் ஓடும் அறையில் முதலில் மாற்றலாம்.

ஏ.சி.: ஒவ்வொரு டிகிரி கூட்டி வைக்கும்போதும் ஏறக்குறைய ஆறு சதவீத மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம். 18-ல் வைத்துப் போர்வை போர்த்திக்கொள்வதைவிட, 25 அல்லது 26-ல் வைத்து விசிறியை மெதுவாக ஓட விடலாம். ஃபில்டரை மாதம் ஒரு முறையாவது கழுவுங்கள்.

கீசர்: 2,000 வாட் கீசர் அரை மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பஜ்ருக்கு எழுந்து சுவிட்சைப் போட்டுவிட்டு, தொழுது முடித்து ஓதி முடிக்கும் வரை அணைக்க மறந்துவிடுவது நம் வீடுகளில் நடப்பதுதான்.

தண்ணீர்: ஒரு ஹெச்.பி. மோட்டார் ஒரு மணி நேரம் ஓட ஏறக்குறைய ஒரு யூனிட் ஆகும். குழாயை முழுதாகத் திறந்துவிட்டு ஒளுச் செய்தால் தண்ணீரோடு மின்சாரமும் வீணாகிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து, அதாவது இரு கை நிறைய அள்ளும் அளவு தண்ணீரில் ஒளுச் செய்ததாக ஹதீஸ்களில் பார்க்கிறோம்.

ஒன்றை மறக்க வேண்டாம். வயதான அத்தா, அம்மாவின் அறையில் விசிறியை அணைத்து மிச்சம் பிடிப்பது சிக்கனம் ஆகாது. வீண் விரயமும் கூடாது, கஞ்சத்தனமும் கூடாது, இரண்டுக்கும் நடுவே இருக்க வேண்டும் என்பதே அல்ஃபுர்கான் அத்தியாயம் நமக்குத் தரும் பாடம்.

இன்னொன்று, வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர்களுக்கு. ஒரே இணைப்பில் சப்-மீட்டர் வைத்து, குடியிருப்பவரிடம் யூனிட்டுக்கு எட்டு, ஒன்பது ரூபாய் என்று வாங்குகிறோம். மின் வாரியத்துக்குக் கட்டியது அதைவிடக் குறைவு என்றால், மீதி யாருடைய பணம்? மொத்த பில்லைக் காட்டி, அவரவர் யூனிட்டுக்கு ஏற்ப பங்கிடுவதே நியாயம். கொக்கி போடுவதும் மீட்டரில் கை வைப்பதும் திருட்டு. 2003 மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் அதற்கு மூன்றாண்டு வரை சிறை உண்டு. அளவில் மோசம் செய்பவர்களை எச்சரித்துக் குர்ஆனில் அல்முதஃப்பிஃபீன் என்று ஓர் அத்தியாயமே இருக்கிறது. மீட்டரும் ஓர் அளவுக் கருவிதான்.

இன்று மஃரிப் தொழுதுவிட்டு வீடு திரும்பியதும் மீட்டரில் உள்ள எண்ணைக் குறித்து வையுங்கள். அடுத்த பில் வரும்போது அதிர்ச்சி இருக்காது, இன்ஷா அல்லாஹ்.