துப்பாக்கியால் வீழ்த்திய வண்ணத்துப்பூச்சி

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ள ஒரு வண்ணத்துப்பூச்சியின் இறக்கைகளில் ஓட்டைகள் இருக்கின்றன. சிதறு குண்டுகள் துளைத்த ஓட்டைகள். மர உச்சியிலேயே பறக்கும் அது வலைக்கு எட்டாததால், 1906-ல் நியூ கினித் தீவில் ஆல்பர்ட் மீக் என்ற சேகரிப்பாளர் அதைச் சுட்டு வீழ்த்தினார். மறு ஆண்டு வால்டர் ராத்சைல்டு அதற்கு பிரிட்டிஷ் அரசி அலெக்சாண்ட்ராவின் பெயரைச் சூட்டினார். உலகிலேயே மிகப் பெரிய வண்ணத்துப்பூச்சி அது.

மீக் வீழ்த்தியது ஒரு பெண் பூச்சி. பெண்ணின் இறக்கைகளை விரித்தால் 25 செ.மீ.க்கு மேல், சில 28 செ.மீ. வரை போகும். பள்ளிப் பிள்ளைகளின் அடிக்கோலோடு ஒப்பிட்டுப் பாருங்கள், வியப்பு புரியும். ஆனால் அவள் நிறம் மரப்பட்டைப் பழுப்பு. அதன்மேல் வெளிறிய திட்டுகள், அம்புமுனை போன்ற குறிகள். ஆண் சிறியவன். அவனுடைய கறுப்பு இறக்கைகளில் நீலமும் பச்சையுமாகப் பட்டைகள் ஓடுகின்றன. அருகருகே வைத்தால் இரண்டும் ஒரே இனம் என்று எளிதில் நம்ப முடியாது.

இறக்கை முழுக்க ஓட்டுக்கூரைபோல அடுக்கிய நுண்செதில்கள். பறவைச்சிறகுப் பூச்சிகள் எனப்படும் இந்த இனக்கூட்டத்து ஆண்களின் பச்சை வெறும் சாயமன்று. செதிலுக்குள் இருக்கும் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதும், அங்குள்ள மஞ்சள் நிறமியும் சேர்ந்து உண்டாக்கும் நிறம். சேகரிப்பாளர்கள் மயங்கியது அந்த மினுக்கில்தான். எனக்கோ பழுப்புப் பெண்ணிடம்தான் மதிப்பு அதிகம். காட்டில் சரியான கொடியைத் தேடி முட்டையிடுபவள் அவள்.

அந்தக் கொடியின் உறவுச் செடி நம் ஊரிலும் உண்டு: ஆடுதீண்டாப்பாளை. ஆடுகூட வாய்வைக்காத நஞ்சு என்பதைப் பெயரே சொல்லிவிடுகிறது. காட்டுக் கொடியிலுள்ள அந்த நஞ்சைத் தின்றே இந்தப் பூச்சியின் புழு வளர்கிறது. பூச்சியான பிறகும் நஞ்சு உடலில் தங்குகிறது. பளிச்சென்ற மஞ்சள் வயிறு பறவைகளுக்கு விடுக்கும் எச்சரிக்கை. மேற்குத் தொடர்ச்சி மலையின் பெரிய கறுப்பு-மஞ்சள் பறவைச்சிறகுப் பூச்சியும் அதே உறவில் வரும் ஈசுவரமூலியைத் தின்று இப்படித்தான் வாழ்கிறது.

ஆனால் அலெக்சாண்ட்ரா பூச்சிக்கு வாழிடம் மிகக் குறுகியது. பப்புவா நியூ கினியின் ஓரோ மாகாணத்தில், பொப்பொன்டெட்டா சமவெளியைச் சுற்றிய மழைக்காடுகள்தான் அதன் உலகம். 1951-ல் லாமிங்டன் எரிமலை வெடித்தபோது சுமார் 3,000 மனிதர்கள் மாண்டார்கள். இந்தப் பூச்சியின் காட்டிலும் பெரும் பரப்பு கருகியது. எஞ்சியதை எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள் விழுங்கி வருகின்றன.

இந்தப் பூச்சியை நாடு விட்டு நாடு விற்பதைச் சைட்ஸ் என்ற பன்னாட்டு உயிரின வணிக உடன்படிக்கை தடுக்கிறது. கள்ளச்சந்தைக்கு அது தேவையான பூட்டுதான். ஆனால் கொடி நிற்கும் காட்டை வெட்டிப் பனை நடுவதை அந்த உடன்படிக்கையால் தடுக்க முடியாது. கொடி உச்சிவரை படர உயர்ந்த மரம் வேண்டும். அந்த மரம் வளரப் பல பத்தாண்டுகள் வேண்டும்.