தானம் அல்ல, சம்பளம்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மும்பையில் நமது ஆராதனை முடிந்து அனைவரும் படியிறங்கிக்கொண்டிருந்த வேளையில், இளம்பிள்ளை வாதத்தால் ஒரு கால் சூம்பிப்போன தம்பி ஒருவர், தம் தாயாருடன் நமது சபையின் வியாபாரி ஒருவரிடம் வேலை கேட்டு நின்றார். பி.காம். முடித்தவர், கணினியில் கணக்கெழுதவும் கற்றிருந்தார். வியாபாரி மனமிரங்கி, சட்டைப்பையிலிருந்து ஐந்நூறு ரூபாயை எடுத்து அவர் கையில் வைத்து, "தம்பி, நம்ம கடையில ஏறி இறங்குற வேலை. உன்னால முடியாதுப்பா" என்றார். அருகில் நின்ற நான் அவருடைய தாராள மனதை மெச்சினேன். வீடு திரும்பிய பின்னரே ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தக் கடையில் கணக்கெழுதுகிறவர் காலை முதல் மாலை வரை நாற்காலியை விட்டு எழுந்திருப்பதே இல்லை.

வியாபாரி கெட்டவர் அல்ல. அவர் காலைப் பார்த்தார், வேலையைப் பார்க்கவில்லை. நானும் அப்படியே.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் ஏறக்குறைய 2 கோடியே 68 லட்சம் பேர். அவர்களுள் ஏதேனும் ஒரு தொழில் செய்வோர் நூற்றுக்கு 36 பேர் மட்டுமே; பெண்களை மட்டும் எடுத்துக்கொண்டால் நூற்றுக்கு 23 பேர். சிறுவரும் முதியோரும் இக்கணக்கில் அடங்குவர் என்பது மெய்தான். ஆயினும் எத்தனை வாலிபர்கள் வேலையின்றி வீட்டு மூலையில் அமர்ந்திருக்கிறார்கள் என்பதை நமது சால்களிலும் குடியிருப்புகளிலும் நாமே கண்கூடாகக் காண்கிறோம்.

வேலையை முதலில் பார்த்த ஒருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மும்பையில் துருவ் லாக்ரா என்பவர் 2009-ஆம் ஆண்டு வாக்கில் 'மிராக்கிள் கூரியர்ஸ்' என்னும் தபால் விநியோக நிறுவனத்தைத் தொடங்கினார். முன்பு முதலீட்டு வங்கியில் பணியாற்றி, பின்னர் ஆக்ஸ்ஃபோர்டில் படித்துத் திரும்பியவர். ஒருநாள் பேருந்தில், பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞர் எங்கே இறங்குவது என்று தெரியாமல் தவிப்பதைக் கண்டு பேச்சுக் கொடுத்தார். பதில் வரவில்லை. அந்த இளைஞருக்குக் காது கேளாது என்பது அப்போதுதான் விளங்கிற்று. தாளில் எழுதிக் காட்டிப் பேசினார்கள். அதிலிருந்து பிறந்ததே அந்த நிறுவனம்.

அவர் கூரியர் தொழிலைத் தெரிந்துகொண்டதற்குக் காரணம் உண்டு. தபால் பட்டுவாடா செய்கிறவர் அதிகம் பேசவேண்டியதில்லை. விலாசம் வாசிக்க வேண்டும், தெருக்களை நினைவில் வைக்க வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும். எல்லாம் கண்ணின் வேலை. காது கேளாதோர் பலருக்குக் கண்ணின் கவனமும் இட நினைவும் கூர்மையாக இருக்கும். அலுவலகத்தோடு பேச கைப்பேசியின் குறுஞ்செய்தி போதும். காது கேளாத பெண்கள் உள்ளே உறைகளைப் பிரித்து அடுக்கினார்கள். இளைஞர்கள் லோக்கல் ரயிலிலும் பேருந்திலும் ஏறி நகரெங்கும் கொண்டு சேர்த்தார்கள். லாக்ரா தாமே சைகை மொழியைக் கற்றுக்கொண்டார். இதைத் தர்ம ஸ்தாபனமாக அன்றி, இலாபம் பார்க்கும் நிறுவனமாகவே நடத்தினார் என்பது கவனிக்கத்தக்கது. இரக்கத்துக்காக உறையைக் கொடுக்கும் வாடிக்கையாளர் ஒருமுறை கொடுப்பார்; உறை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தால் மறுமுறையும் கொடுப்பார்.

லெமன் ட்ரீ ஹோட்டல் நிறுவனமும் இவ்வாறே 2007-ல் காது கேளாத ஊழியர்களைச் சேர்க்கத் தொடங்கிற்று. முதலில் சமையற்கூடத்தின் பின்புற வேலைகள். பின்னர் அறைகளைப் பராமரிக்கும் பணி. அதன் பின்னரே விருந்தினருக்கு உணவு பரிமாறும் பணி. மற்ற ஊழியருக்கும் சைகை மொழி கற்பிக்கப்பட்டது.

இவை பெரிய நிறுவனங்கள், நமக்கு எட்டுமா என்று கேட்பீர்கள். நம்மவர் பலருக்குத் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை, மாட்டுங்காவில் கடை, எங்கேனும் ஒரு அச்சகம் அல்லது இட்லிக் கடை உண்டு. நாலைந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கிற எவரும் முதலாளியே. சிறிய இடத்தில்தான் மாற்றம் எளிது. எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தையல் இயந்திரத்தின் முன் அமர்கிறவருக்குக் காது கேளாமை ஒரு தடையா? மோட்டார் வைத்த இயந்திரத்தில் கால் மிதியைக் கைப்பிடியாக மாற்றித் தரும் மெக்கானிக் உண்டு. பார்வையற்றவர் கணினியில் வேலை செய்ய, திரையில் உள்ளதை வாசித்துக் காட்டும் என்.வி.டி.ஏ. என்னும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. காலை ஒன்பது மணி ரயிலின் நெரிசலுக்குத் தப்ப, ஒருவரைப் பத்தரைக்கு வரச்சொல்லி ஏழுக்கு அனுப்புவதற்கு ஒரு பைசாவும் செலவில்லை.

சட்டமும் இதையே கேட்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 1995-ன் சட்டத்தில் 7-ஆக இருந்த குறைபாட்டு வகைகளை 21 ஆக்கி, அரசு வேலையில் 3 சதவீத ஒதுக்கீட்டை 4 சதவீதமாக உயர்த்தியது. 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் தனியார் நிறுவனம், எந்தெந்தப் பணிக்கு இவர்களைச் சேர்க்கும், என்ன வசதி செய்து தரும் என்பதை எழுதி வெளியிட வேண்டும் என்று 2017-ன் விதிகள் கூறுகின்றன. முதலாளி செலுத்த வேண்டிய பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கை முதல் மூன்று ஆண்டுகளுக்கு மத்திய அரசே ஏற்கும் திட்டமும் 2008 ஏப்ரலில் வந்தது. 2016-ல் அக்காலம் பத்தாண்டுகளாக நீட்டிக்கப்பட்டது. பயன்படுத்தியவர்கள் சொற்பம். இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் விசாரித்துக்கொள்வது நலம். ஆள் தேடுவோர் சயானில் உள்ள மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகளுக்கான வேலைவாய்ப்பு மையத்தை அணுகலாம்.

ஒரு வேதனையையும் சொல்லியாக வேண்டும். "பாவம் என்று சேர்த்துக்கொண்டேன்" என்று சொல்லிப் பாதிச் சம்பளம் கொடுப்போர் நம் நடுவிலும் உண்டு. அடுத்த மேசைக்காரர் பெறும் கூலியை இவருக்கும் கொடுங்கள். வேலையில் தவறு செய்தால் அடுத்த மேசைக்காரரிடம் சொல்வதைப்போல இவரிடமும் சொல்லுங்கள். திட்டவே கூடாத ஊழியர் என்று ஒருவரை ஒதுக்கி வைப்பதும் அவரை அவமதிப்பதே.

அந்தத் தம்பி இப்போது செம்பூரில் ஒரு தணிக்கையாளர் அலுவலகத்தில் பணிபுரிகிறார். அவருக்காக அங்கே மாற்றப்பட்டது ஒன்றே ஒன்று: மாடியில் இருந்த கணக்குப் பிரிவின் மேசையைக் கீழ்த்தளத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த ஐந்நூறு ரூபாயை அவருடைய தாயார் மறுவாரமே வியாபாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.