செவிலிய மாணவியரின் மனநலமும் நம் பங்கும்

மனநலப் பிரிவில் செவிலிய மாணவியர் கட்டிலருகே அமர்ந்து நோயாளியுடன் நெடுநேரம் பேசுவதைக் கண்டிருப்பீர்கள். அது பொழுதுபோக்குப் பேச்சன்று. செவிலியருக்கும் நோயாளிக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை அமெரிக்கச் செவிலியர் ஹில்டகார்ட் பெப்லாவ் 1952ஆம் ஆண்டில் நூலாக எழுதினார். இன்றைய மனநலச் செவிலியப் பயிற்சியிலும் அக்கருத்துக்கு முதன்மையான இடமுண்டு.

பயிற்சிக்கு வருவோர் பெரும்பாலும் இருபது வயதை ஒட்டியவர்கள். புண்ணுக்கு மருந்திடக் கையுறை உண்டு. காதால் கேட்பதற்கு உறை ஏதுமில்லை. மதுவால் சிதைந்த குடும்பம், கடலுக்குப் போய்த் திரும்பாத மகன், ஓயாது ஒலிக்கும் மாயக் குரல் என அவர்கள் கேட்பவை பல. சிலருடைய வீட்டிலேயே அதே நோயுற்றவர் இருப்பார். அதை எவரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். உறக்கம் கெடுகிறது, உணவு செல்வதில்லை, தமக்கும் அந்நோய் வந்துவிட்டதோ என்ற ஐயம் எழுகிறது.

மிகக் கடினமானது இரகசியம். “உன்னிடம் மட்டும் சொல்கிறேன், எனக்கு வாழப் பிடிக்கவில்லை; டாக்டரிடம் சொல்லிவிடாதே அம்மா” என்று ஒருவர் கூறினால் அம்மாணவி என்ன செய்வாள்? இரவெல்லாம் விழித்திருந்து, மறுநாள் அழுதவாறு எங்களிடம் வந்தவர்கள் உண்டு. நோயாளியின் தகவலை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் காக்கிறது; எனினும் உயிருக்கு ஆபத்து எனில், அதைத் தடுக்கத் தேவையான அளவு வெளியிட இடமளிக்கிறது. மாணவி எங்களிடம் கூறுவது துரோகமன்று, கடமை. அவ்வாறு வாக்குறுதி கேட்க வேண்டா என நோயாளிகளை வேண்டுகிறோம்.

முத்துக் குளிப்பவருக்குக் கயிறு பிடிக்க மைத்துனரையே படகில் நிறுத்துவர் என்று இக்கரையில் பெரியோர் சொல்வர். மாணவியருக்கும் அத்தகைய ஒருவர் வேண்டும். ஆகவே பயிற்சி முடிந்ததும் மூத்த செவிலியரும் மருத்துவரும் அவர்களோடு அமர்ந்து, அன்று மனத்தைத் தைத்ததைப் பேசச் செய்கிறோம். மதிப்பெண் இடும் ஆசிரியர் முன் எவரும் அழத் துணியார் என்பதைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தோம். இப்போது அவர் அந்த அமர்வில் இருப்பதில்லை.

நோயாளி சினந்து ஏசினால் உடனிருப்போர் பணிச் செவிலியரை உடனே அழையுங்கள். பின்னர் அம்மாணவியிடம், “நோயின் பேச்சு அது, மனத்தில் வைக்காதே” என்று ஒரு சொல் சொல்லுங்கள். அவர்களுடைய கைப்பேசி எண்ணைக் கேட்காதீர்கள். மாத்திரை வாங்க மீண்டும் வரும்போது நோயாளி தேறியிருந்தால் செவிலியரிடம் தெரிவியுங்கள். பயிற்சி முடிந்து சென்ற மாணவிக்கு அச்செய்தியை நாங்கள் சேர்ப்பிக்கிறோம். இரவில் மனம் தாங்காதபோது அழைக்க 14416 என்னும் டெலி மானஸ் எண் உள்ளது. 2022 அக்டோபர் 10இல் தொடங்கப்பட்ட இக்கட்டணமில்லாச் சேவையை மாணவியரும் நீங்களும் எந்நேரமும் அழைக்கலாம்.