ஸ்டேஷன் வாகன் – ஒரு பார்வை

(இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன்)

"டேய், உங்க ஆம்புலன்ஸ் வந்தாச்சு!"

முதலாண்டில் என் தந்தையார் என்னைக் கல்லூரி வாயிலில் இறக்கிவிட்ட அன்று வகுப்புத் தோழன் ஒருவன் சொன்ன சொற்கள் இவை. எங்கள் கார் இண்டிகோ மெரினா. 2004-இல் டாட்டா நிறுவனம் வெளியிட்ட ஸ்டேஷன் வாகன். காரிமங்கலம், பென்னாகரம் சந்தைகளுக்குத் துணி மூட்டை கொண்டு செல்வதற்காகத் தந்தையார் அதைப் பழைய வண்டியாக வாங்கியிருந்தார். மறுநாள் முதல் நான் பேருந்து நிலையத்திலேயே இறங்கிக் கல்லூரிக்கு நடந்து வரலானேன்.

அந்த வெட்கந்தான் இவ்வண்டியைப் பற்றிப் படிக்க என்னைத் தூண்டியது. படிக்கப் படிக்க வியப்பே மிஞ்சியது. நான் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று ஒளித்த வண்டியை, மேலைநாட்டுக் கார்ப் பிரியர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். அதன் காரணத்தை நண்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஸ்டேஷன் வாகன் என்பது யாது? சாதாரணக் காரின் கூரை பின் இருக்கையோடு இறங்கிவிடுகிறது. அதற்குப் பின்னால் டிக்கி தனியே நிற்கிறது. வாகனிலோ கூரை வண்டியின் கடைசி வரை நீள்கிறது. டிக்கியும் அமரும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. பின் இருக்கையை மடித்தால் ஒரு சிறு அறையே கிடைக்கிறது.

பெயரிலேயே இதன் பிறப்பு இருக்கிறது. அமெரிக்காவில் இரயிலடியிலிருந்து பயணிகளையும் பெட்டிகளையும் ஏற்றிச் சென்ற வண்டியே பிற்காலத்தில் ஸ்டேஷன் வாகன் ஆயிற்று. தொடக்கத்தில் அதன் உடல் மரத்தாலானது. 1929-இல் ஃபோர்டு நிறுவனம் தனது 'மாடல் ஏ' காரை இவ்வடிவில் பெருமளவில் விற்றது. மரத்துக்கு வார்னிஷ் பூச வேண்டும். மழையிலும் வெயிலிலும் பிளவுபடும். 1949-இல் வந்த பிளிமத் சபர்பன் போன்ற முழு எஃகு வண்டிகள் அத்தொல்லையை ஒழித்தன. சுவீடனில் வால்வோ நிறுவனம் 1953-இல் 'டூயட்' என்ற வாகனைக் கொணர்ந்தது. வேலை நாளில் சரக்கு, விடுமுறை நாளில் குடும்பம் என்ற இரட்டைப் பணியைக் குறிக்கும் பெயர் அது.

சரி, சுமை ஏற்ற லாரி இருக்கிறது. ஆட்களை ஏற்ற வேன் இருக்கிறது. வேகத்தை விரும்பும் கார்ப் பிரியருக்கு இதில் என்ன கவர்ச்சி? இங்கேதான் நம் இயற்பியல் துணைக்கு வருகிறது.

வண்டி வளைவில் திரும்பும்போது உட்புறச் சக்கரங்களின் மீதுள்ள எடையில் ஒரு பகுதி வெளிப்புறச் சக்கரங்களுக்கு மாறுகிறது. ஈர்ப்பு மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவுக்கு இம்மாற்றமும் மிகும். 1,500 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம். இடவலச் சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தில் பாதியளவு முடுக்கத்தோடு அது திரும்புகிறது. ஈர்ப்பு மையம் 0.55 மீட்டர் உயரத்தில் இருந்தால் மாறும் எடை 275 கிலோ. 0.70 மீட்டரில் இருந்தால் 350 கிலோ. ஓர் ஆளின் எடை அளவுக்கு வேறுபாடு! உயரமான வண்டி அதிகம் சாய்வதும், ஓட்டுநர் வேகத்தைக் குறைக்க நேர்வதும் இதனால்தான். மேலும், உயரம் கூடக் கூடக் காற்றை எதிர்க்கும் முகப்பும் பெரிதாகிறது. எரிபொருளும் கூடுதலாகச் செலவாகிறது.

வாகனோ இடத்தை உயரத்தில் தேடவில்லை; நீளத்தில் தேடுகிறது. அதனால் காரின் தாழ்ந்த நிலையும் பிடிமானமும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. வேனின் வயிறும் காரின் கால்களும் ஒரே வண்டிக்கு வாய்த்திருக்கின்றன எனலாம்.

இதனை மெய்ப்பித்துக் காட்டிய ஆண்டு 1994. பிரிட்டனின் டூரிங் கார்ப் பந்தயத்தில் வால்வோ நிறுவனம் தனது 850 வாகனையே களத்தில் இறக்கியது. அவ்வாண்டு அதற்கு வெற்றி கிட்டவில்லை. ஆயினும் பார்த்தவர்கள் அதை மறக்கவில்லை. அதே ஆண்டு ஜெர்மனியின் ஆடி நிறுவனம், போர்ஷேயுடன் சேர்ந்து ஆர்.எஸ்.2 அவந்த் என்ற வாகனை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2.2 லிட்டர், ஐந்து சிலிண்டர், டர்போ பொருத்திய எஞ்சின். 315 குதிரைத் திறன். உச்ச வேகம் மணிக்கு 262 கிலோமீட்டர். நாய்க்குட்டியையும் காய்கறிக் கூடையையும் பின்னால் வைத்துக்கொண்டு பந்தயக் காரோடு போட்டியிடலாம்! ஆரவாரமில்லாத உடையில் அடக்கமாக வரும் இந்த ஆற்றலே கார்ப் பிரியர்களைக் கவர்கிறது.

இவ்வளவு சிறப்பிருந்தும் வாகன் பல நாடுகளில் அருகி வருகிறது. அமெரிக்காவில் 1975-இல் வந்த எரிபொருள் சிக்கனச் சட்டத்தையொட்டிக் கார்களுக்கு ஓர் அளவும், இலகு லாரிகளுக்குத் தளர்ந்த வேறோர் அளவும் வகுக்கப்பட்டன. வாகன், கார் வரிசையில் சேர்ந்தது. பின்னால் வந்த மினிவேனும் எஸ்.யு.வி.யும் பெரும்பாலும் லாரி வரிசையில் சேர்ந்து தப்பின. நம் நாட்டில் 1992-இல் டாட்டா எஸ்டேட் வந்தது, மெரினாவும் வந்தது, இரண்டும் நிலைக்கவில்லை. உயரமாக அமர்வதே உயர்வு என்று நாம் எண்ணிவிட்டோம் போலும்!

இனி என் கதைக்கு வருகிறேன். சென்ற ஆண்டு ஒரு நள்ளிரவில் என் பாட்டி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். உட்கார முடியவில்லை. தந்தையார் பின் இருக்கையை மடித்தார். முன் இருக்கையை முன்னுக்குத் தள்ளினார். துணி மூட்டைகளைப் பிரித்து மெத்தையாக விரித்தார். பாட்டியைப் படுக்க வைத்துச் சேலத்துக்குப் புறப்பட்டோம். தொப்பூர்க் கணவாயின் வளைவுகளில் நான் பாட்டியின் தோளைப் பிடித்தபடி அமர்ந்திருந்தேன். வண்டி தள்ளாடவில்லை. பாட்டி ஒருமுறைகூட என் கையை மீறி உருளவில்லை. ஏட்டில் படித்த ஈர்ப்பு மையத்தை அன்றிரவு என் உள்ளங்கையில் உணர்ந்தேன்.

பாட்டி இன்று கோலூன்றி நடக்கிறார். தோழன் வேடிக்கையாகச் சொன்ன ஆம்புலன்ஸ், உண்மையிலேயே ஆம்புலன்ஸாக உதவியது.

நண்பர்களே, பயன்படும் பொருள் அழகற்றது, அழகிய பொருள் பயனற்றது என்ற எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. எனக்கும் இருந்தது. இப்போது நான் கல்லூரி வாயிலிலேயே இறங்குகிறேன். விரும்புவோர் வந்து பார்க்கலாம். பின்கதவைத் திறந்து காட்டத் தயாராக இருக்கிறேன்!