புகார் கொடுத்த பிறகு யார் துணை?

குழந்தைக்கு நேர்ந்த பாலியல் தொல்லைக்குப் போக்சோ வழக்கு பதிவாகிவிட்டால் எல்லாம் முடிந்தது என்றுதான் அக்கம்பக்கத்தார் நினைக்கிறார்கள். அந்தக் குழந்தையின் குடும்பத்துக்கு எல்லாம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. மகளிர் காவல் நிலையம், அரசு மருத்துவமனை, நீதிமன்றம் என்று அலையும் ஒவ்வொரு நாளும் அம்மாவின் கூலி போகிறது. கையில் கொடுத்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று புரிவதில்லை. அடுத்து யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆளில்லை. சாயங்காலமானால் சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். "புள்ளையோட எதிர்காலத்த நெனச்சுப் பாரு. அவனும் நம்ம ஆளுதானே, விட்டுடு." பல குடும்பங்கள் பாதியிலேயே தளர்ந்துபோவதற்குச் சட்டத்தின் ஓட்டைகளைவிட இந்தத் தனிமைதான் பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

"நம்ம ஆளு" என்பது பெரும்பாலும் உண்மையாகவும் இருக்கிறது. மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வை 2007இல் வெளியிட்டது. அவர்களில் 53 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளாகியிருந்தார்கள். அப்படி ஆளானவர்களில் பாதிக்கு மேல் ஆண் பிள்ளைகள். தொல்லை கொடுத்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அது நம்பியிருந்தவர்கள்.

இந்தத் தனிமைக்குச் சட்டத்தில் ஒரு மருந்து இருக்கிறது. அது இருப்பது பலருக்கும் தெரியாது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் (போக்சோ) 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் உள்ளது. புகார் வந்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அதை மாவட்டத்தின் குழந்தைகள் நலக் குழுவுக்குத் தெரிவித்தாக வேண்டும். 2020ஆம் ஆண்டு விதிகளின்படி அந்தக் குழு, குழந்தையும் பெற்றோரும் சம்மதித்தால், 'ஆதரவு நபர்' ஒருவரை நியமிக்கலாம். சமூகப்பணி, உளவியல் போன்றவை படித்தவராகவோ, குழந்தைகள் துறையில் அனுபவம் உள்ளவராகவோ அவர் இருப்பார். விசாரணையின் முதல் நாளிலிருந்து தீர்ப்பு வரை அவர் கூடவே வர வேண்டும். வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, குற்றம் சாட்டப்பட்டவர் ஜாமீனில் வந்துவிட்டாரா, நிவாரணத்துக்கு எங்கே மனுப் போட வேண்டும் என்றெல்லாம் குடும்பத்துக்குப் புரியும்படி சொல்வது அவர் வேலை. இதற்குக் குடும்பம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை, அரசு கொடுக்கிறது. இப்படி ஒரு உரிமை இருப்பதைப் பெற்றோருக்குச் சொல்லியாக வேண்டும், அவர்களாகக் கேட்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியும் யாரும் சொல்லவில்லையா? "எங்களுக்கு ஆதரவு நபர் வேண்டும்" என்று வெள்ளைத்தாளில் எழுதி, குழந்தைகள் நலக் குழுவிடமோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்திலோ கொடுங்கள்.

பணமும் அப்படித்தான். சாப்பாடு, துணி, பஸ் செலவு என்று உடனடித் தேவை இருந்தால் குழந்தைகள் நலக் குழு சிறப்பு நிவாரணத்துக்குப் பரிந்துரைக்கலாம். பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் அது கைக்கு வர வேண்டும். முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்த நேரத்திலும் சிறப்பு நீதிமன்றம் இடைக்கால இழப்பீடு தரலாம். தீர்ப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. குற்றவாளி பிடிபடாமல் போனாலும், குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையாகிவிட்டாலும்கூட, குழந்தைக்குப் பாதிப்பு இருந்தால் இழப்பீட்டுக்கு வழி உண்டு.

இதெல்லாம் புகாருக்குப் பிந்தைய கதை. அதற்கு முன்னால் ஒரு குழந்தை வாய் திறந்தாக வேண்டும். அது நம்மிடம் வந்து நடந்ததை நேராகச் சொல்வது அபூர்வம். "அந்த மாமா வீட்டு டியூஷனுக்கு இனிமே போகமாட்டேன்" என்று அடம்பிடிக்கும். விட்டிருந்த பழக்கம் திரும்ப வந்து படுக்கையை நனைக்கும். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை ஒருவரைக் கண்டதும் அம்மாவின் பின்னால் போய் நிற்கும். இப்படி நடப்பதால் மட்டும் முடிவுக்கு வந்துவிட வேண்டாம். ஆனால் அதட்டி அனுப்பிவைக்காதீர்கள். பிள்ளை பேசினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். "ஏன் இத்தனை நாளா சொல்லல?" என்ற கேள்வியை மட்டும் கேட்கவே கூடாது. அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் தப்பு தன்மேல்தான் என்று குழந்தை எடுத்துக்கொள்ளும். "நீ சொன்னது நல்லது, உன்மேல எந்தத் தப்பும் இல்ல" என்று சொல்லுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்துவிடாதீர்கள். சொல்லித்தான் ஆக வேண்டும்.

பதற்றத்தில் நடக்கும் இன்னொன்று, பிள்ளையைக் குளிப்பாட்டி, துணியை அலசிக் காயப்போட்டுவிடுவது. சம்பவம் நடந்து ஓரிரு நாள்தான் ஆகியிருந்தால் அந்தத் துணியைத் துவைக்காமல், பிளாஸ்டிக் கவரில் போடாமல், காகிதப் பையில் வைத்து மருத்துவமனைக்கு எடுத்துப்போங்கள். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்துவிட வேண்டும். தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் முதலுதவியும் சிகிச்சையும் இலவசமாக, உடனே தர வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆவது பிரிவு. "போலீஸ் லெட்டர் வாங்கிட்டு வாங்க" என்று குழந்தையைத் திருப்பி அனுப்ப எந்த மருத்துவமனைக்கும் அதிகாரம் இல்லை. சிறுமியைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் ஒருவரோ கூட இருக்க வேண்டும். இரு விரல் பரிசோதனை செய்பவர் நடத்தை மீறலுக்குப் பொறுப்பாவார் என்று 2022 அக்டோபர் 31 அன்று உச்ச நீதிமன்றம் எச்சரித்திருக்கிறது. நாள் கடந்துவிட்டது என்பதற்காகச் சும்மா இருந்துவிடவும் வேண்டாம். தாமதமாக வந்த புகார் என்று தள்ளிவிட முடியாது.

ஸ்டேஷன் என்றாலே பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலேயே, அல்லது அது விரும்பும் இடத்தில், சீருடை அணியாத அதிகாரி பதிவுசெய்ய வேண்டும். கூடியவரை அவர் பெண் எஸ்.ஐ.யாக இருக்க வேண்டும். இரவில் குழந்தையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. நீதிமன்றத்தில் வக்கீல் நேரடியாகக் குழந்தையைக் குடைய முடியாது. கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் போக வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைக் குழந்தை பார்க்க நேராதபடி ஏற்பாடு செய்ய வேண்டும். குழந்தையின் பெயர், படம், பள்ளி, தெரு எதையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் 'பாவம் இந்தக் குழந்தை' என்று பகிர்கிறவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தெரிந்தும் மறைப்பது குற்றம். குற்றம் நடந்திருப்பது தெரிந்த எவரும் புகார் கொடுத்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை. தன் கீழ் வேலை பார்ப்பவரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை. 'பள்ளி பேர் கெட்டுவிடும்' என்று உள்ளுக்குள்ளேயே பேசி முடிக்கும் நிர்வாகிகள் இதைப் படித்தே ஆக வேண்டும். நல்லெண்ணத்தோடு தகவல் சொல்பவர்மேல் வழக்கு வராது. ஊர்ப் பெரியவர்கள் எழுதி வாங்கும் சமரசத்துக்கும் மதிப்பில்லை. ராஜஸ்தானில் ஆசிரியர்மேல் இருந்த போக்சோ வழக்கைக் குடும்பத்தோடு சமரசமாகிவிட்டது என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 7 அன்று அந்த வழக்குக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. மேல்முறையீடு செய்தது அந்தக் குடும்பம் அல்ல, மூன்றாம் தரப்பு.

குழந்தைகளுக்கான 1098 இரவு பகல் எந்நேரமும் இயங்கும் இலவச எண், குழந்தையே அழைக்கலாம். பெண்களுக்கு 181. மாவட்டந்தோறும் உள்ள 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சிகிச்சை, மனநல ஆலோசனை, சட்ட உதவி, சில நாள் தங்குமிடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். பள்ளியில் தொல்லை என்றால் 14417. இலவச வக்கீலுக்கு 15100.

நடக்காமல் தடுக்க ஊர் மட்டத்திலும் ஓர் அமைப்பு உண்டு. ஊராட்சித் தலைவர் தலைமையில் கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு இயங்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அது கூட வேண்டும். பல ஊர்களில் அது பதிவேட்டில் மட்டும்தான் கூடுகிறது. பள்ளிகளில் பிள்ளைகள் புகார் எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டி இருக்கிறது. அதைத் திறந்து பார்க்கிறார்களா என்று பெற்றோர் கூட்டத்தில் யாரும் கேட்பதில்லை. குழந்தைகளோடு பழகும் ஊழியர்கள் அனைவரையும் போலீஸ் சரிபார்ப்பு செய்ய வேண்டும் என்று 2020 விதிகள் சொல்கின்றன. வேன் ஓட்டுநர், பி.டி. மாஸ்டர், ஹாஸ்டல் காவலர் ஆகியோருக்கு அது நடந்ததா?

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. அடுத்து வரும் கூட்டத்துக்குப் போங்கள். நம் ஊர்க் குழந்தைகள் பாதுகாப்புக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள், கடைசியாக எப்போது கூடினார்கள் என்று எழுந்து கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.