விசில் ஊதியது குற்றமா? பையன்கள் கால்பந்தில் நடுவர் படும் பாடு!

மீமிசல்:-

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெயில் தாழ்ந்ததும் பையன்கள் பந்தோடு திடலுக்கு வந்து விடுகிறார்கள். மீமிசல் போன்ற கடலோர ஊர்களில் லீவு நாள் என்றால் இந்தக் காட்சிதான்.

இரண்டு பக்கமும் ஆள் சேர்ந்தாகி விட்டது. இன்னும் ஒருவர் வேண்டும். அவர்தான் நடுவர். அந்த வேலைக்குத்தான் ஆள் கிடைப்பது குதிரைக் கொம்பு!

கூப்பிட்டால், "எனக்கு எதுக்குப்பா வம்பு?" என்று நழுவுகிறார்கள். கடைசியில் ஒரு பழைய ஆட்டக்காரரோ, உடற்பயிற்சி ஆசிரியரோ கழுத்தில் விசிலை மாட்டிக் கொள்கிறார். ஒரு டீ கிடைத்தால் அதுவே பெரிசு.

"கண்ணு தெரியலையா?"

முதல் 'பவுல்' கொடுக்கும் வரைதான் மரியாதை. அதற்குப் பிறகு அர்ச்சனை தொடங்கி விடும்.

"யோவ், கண்ணு தெரியலையா? எவ்வளவு காசு வாங்கினே?"

முதலில் இப்படிக் கத்துவது பையன்கள் அல்ல. கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாவும் மாமாவும் சித்தப்பாவும்தான்! பெரியவர்கள் வாயை நீட்டுவதைப் பார்த்து, பிள்ளைகள் கையை நீட்டுகிறார்கள்.

வெறும் வாய்ச் சண்டைதானே என்று விட்டு விட முடியாது. அது கொலையில் போய் முடிந்ததும் உண்டு.

அடித்தே கொன்றார்கள்

ஹாலந்து நாட்டில் அல்மேரே என்று ஒரு ஊர். அங்கே 2012-ம் ஆண்டு டிசம்பர் 2-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை பையன்கள் கால்பந்து ஆட்டம் நடந்தது.

கோட்டு ஓரம் கொடி பிடித்து நின்றவர் ரிச்சர்ட் நியூவன்ஹெய்சன். வயது 41. சம்பளம் வாங்காமல் வந்தவர். அன்று ஆடியவர்களில் அவருடைய மகனும் ஒருவன்.

ஆட்டம் முடிந்ததும் எதிர் அணிப் பையன்கள் அவரைச் சூழ்ந்து கொண்டார்கள். கீழே தள்ளி தலையிலும் கழுத்திலும் உதைத்தார்கள். எழுந்து நடந்தவர், சில மணி நேரத்தில் மயங்கி விழுந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

நாடே கொதித்தது. அடுத்த வாரக் கடைசியில் நடக்க இருந்த சுமார் 33 ஆயிரம் ஆட்டங்களை கால்பந்து சங்கம் ரத்து செய்தது.

2013 ஜூன் மாதம் கோர்ட்டு தீர்ப்பு கூறியது. பையன்கள் 5 பேருக்கு தலா 2 ஆண்டும், இன்னொரு பையனுக்கு ஒரு ஆண்டும் தண்டனை. அவர்களில் ஒருவனுடைய தகப்பனுக்கு 6 ஆண்டு ஜெயில். அந்தத் தகப்பனுக்கு வயது 50!

மஞ்சள் அட்டைக்கு குத்து

அதே 2013-ல், ஏப்ரல் 27-ந்தேதி, அமெரிக்காவில் உட்டா மாநிலத்திலும் ஒரு சம்பவம். நடுவர் ரிக்கார்டோ போர்ட்டில்லோ, எதிரியைத் தள்ளிய 17 வயது கோல் கீப்பருக்கு மஞ்சள் அட்டை காட்டினார். அவர் அதை நோட்டில் குறித்துக் கொண்டு இருந்த போது, தலையில் விழுந்தது ஒரு குத்து. ஒரே குத்துதான். ஒரு வாரம் நினைவு இல்லாமல் கிடந்து மே 4-ந்தேதி இறந்தார். 3 பெண் பிள்ளைகளின் தகப்பனார் அவர்.

வாய்த் தகராறே வேண்டாம் என்பதற்காக வந்ததுதான் இந்த அட்டை. 1966 உலகக் கோப்பையில் நடுவர் சொன்னது ஆட்டக்காரருக்குப் புரியாமல் பெரிய குழப்பம் ஆயிற்று. இங்கிலாந்து நடுவர் கென் ஆஸ்டன், ரோட்டில் சிக்னல் விளக்கைப் பார்த்து மஞ்சள், சிவப்பு யோசனையைக் கண்டு பிடித்தார். 1970 உலகக் கோப்பையில் அது நடைமுறைக்கு வந்தது.

நடுவர் கையில் என்ன இருக்கிறது?

கூச்சல் எல்லை மீறினால் ஆட்டத்தை நிறுத்தி வைக்கவும், அடியோடு கைவிடவும் நடுவருக்கு அதிகாரம் உண்டு. பயிற்சியாளர் வம்பு செய்தால் அவருக்கும் அட்டை காட்டலாம். 2019 முதல் இது விதி.

சிறுவர் ஆட்டத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. சங்கம் அனுமதித்தால், தப்பு செய்த பையனைக் கொஞ்ச நேரம் வெளியே உட்கார வைக்கலாம். 60 நிமிட ஆட்டம் என்றால் 6 முதல் 9 நிமிடம். கோபம் ஆறியதும் திரும்ப ஆடலாம்.

கை வைத்தால் போலீஸ் கேசுதான். அடித்துக் காயப்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதா 115(2) பிரிவின் கீழ் ஓர் ஆண்டு வரை ஜெயில், அல்லது 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடித்தவன் 18 வயதுக்குக் கீழ் என்றால் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிற்க வேண்டும்.

உலகக் கோப்பைக்குப் போன தமிழர்

விசில் பிடித்தவருக்கு ஏச்சு மட்டும்தான் மிச்சம் என்று இல்லை. தமிழ்நாட்டைச் சேர்ந்த கோமளீஸ்வரன் சங்கர் 2002 உலகக் கோப்பைக்கு துணை நடுவராகப் போனார். இந்திய அணி போகாத இடத்துக்கு, இந்தியக் கொடி நடுவர் சட்டையில் போயிற்று!

திண்டுக்கல் ரூபா தேவி 2016-ல் சர்வதேச நடுவர் பட்டியலில் இடம் பிடித்தார். இருவருமே உள்ளூர்த் திடலில் விசிலும் கொடியும் பிடித்து மேலே வந்தவர்கள்.

வருகிற ஞாயிற்றுக்கிழமையும் திடலில் ஆட்டம் உண்டு. நடுவர் தப்பாகவும் ஊதலாம். அவரும் மனிதர்தானே! அப்போது கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாமார்கள் வாயைக் கொஞ்சம் அடக்கினால் போதும். அவர் மறு வாரமும் வருவார்.

அவர் வராவிட்டால் பிள்ளைகளுக்கு ஆட்டம் ஏது?